திருவண்ணாமலையில் கிடைக்காத மாத்திரை

விடிந்தும் விடியாமலும் திண்டிவனத்தில் பஸ் ஏறினேன். செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகும் பஸ். கீழ்பென்னாத்தூருக்கு ஐம்பது கிலோமீட்டர் இருக்கும். அங்கே என் பெரியம்மா மகள் கஸ்தூரி அக்கா படுத்த படுக்கையாக இருந்தாள். கர்ப்பப்பையில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்புக்கு ஏறிவிட்டது. இனி சிகிச்சை இல்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சென்னையில் சொல்லி, மார்ஃபின் மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். மாத்திரை தீர்ந்துவிட்டது என்று அக்காவின் கணவர் ஏழுமலை மாமா முந்தின நாள் போனில் அழுதார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பிராந்தி வாடை அடித்தது. மாமா குடிக்கிற ஆள் இல்லை.

"நான்தாம்மா குடுத்தேன்" என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "அவ கத்தறத கேக்க முடியல. கேட்ட ஒடனே கெடச்சது இது ஒண்ணுதான்."

அக்கா சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தாள். "எங்கப்பன கொன்ன தண்ணி. அதையே எனக்கும் ஊத்தறாரு பாருடி" என்றாள். என் பெரியப்பா குடித்தே செத்தவர். அந்தப் பாட்டில் அரசாங்கக் கடையில், பில் போட்டு விற்றது.

மருந்துச் சீட்டையும் ஆஸ்பத்திரி ஃபைலையும் எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திருவண்ணாமலை வந்தேன். பஸ் நிலையத்து வாசலில் எங்களுக்குப் பழக்கமான காதர் பாயின் ஆட்டோ நின்றது. விஷயத்தைச் சொன்னதும், "ஏறுங்க, எங்க கெடைக்குதோ பாத்துடலாம்" என்றார்.

முதல் கடையில் சீட்டைப் பார்த்ததுமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருக்கு?"

"எங்க அக்காவுக்கு. கேன்சர். சீட்டுல எழுதியிருக்கு பாருங்க."

"எழுதியிருக்கும்மா. நான் வெக்கறதில்ல. வலி மாத்திரைய கரைச்சு ஊசி போட்டுக்கறானுங்க. ஒருத்தன் செத்துட்டான்னா போலீஸ்காரங்க மொதல்ல என் கடையிலதான் வந்து நிப்பாங்க. எனக்கும் குடும்பம் இருக்குதில்ல."

அவர் பயம் பொய்யில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு விலை கொடுப்பது கட்டிலில் கிடக்கும் என் அக்கா. இன்னும் நான்கைந்து கடைகளும் ஒரு தனியார் மருத்துவமனையும் ஏறி இறங்கினோம். எங்கும் இல்லை.

அடி அண்ணாமலையில் ஒரு டாக்டரம்மா வீட்டில் படுத்திருக்கும் நோயாளிகளைப் போய்ப் பார்ப்பதாகக் காதர் பாய்க்கு யாரோ சொன்னார்கள். கிரிவலப் பாதையில் போனோம். கிளினிக் திறக்க நேரம் இருந்ததால் எதிரில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்தோம். பக்கத்து பெஞ்சில் இருந்தவன் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் குனிந்தான்.

"வலிக்குத்தானேக்கா? பொட்டலம் இருக்குது. நல்ல சரக்கு. பால்ல கலந்து குடுங்க, தூங்கிடுவாங்க."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சீட்டும் கையுமாக நான் ஊர் முழுக்க அலைந்தும் மருந்து கிடைக்கவில்லை. சட்டம் தடுத்த கஞ்சா என் டீ ஆறுவதற்குள் என்னைத் தேடி வந்துவிட்டது. காதர் பாய் எழுந்து அவன் எதிரில் நின்றார். "எழுந்து போடா" என்றார். அவன் அவசரமில்லாமல் போனான்.

டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். ஃபைலை முழுக்கப் படித்தார்.

"சட்டத்துல வழி இருக்குதுங்க. ஆனா அனுமதி வாங்கணும், பயிற்சி எடுக்கணும், பூட்டி வெக்கணும், ஒவ்வொரு மாத்திரைக்கும் கணக்கு காட்டணும். அந்தத் தொல்லைக்குப் பயந்து யாரும் தொடறதில்ல. நானும் இன்னும் வாங்கல" என்றார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. வேலூரில் தெரிந்த மருத்துவருக்கு அவரே போன் செய்து, நேரில் போனால் கொடுப்பார்கள் என்று உறுதி வாங்கித் தந்தார்.

வேலூருக்கு எண்பது கிலோமீட்டர். போளூரில் ஏறிய ஒரு பெண் என் மடியில் இருந்த ஃபைலைப் பார்த்து விசாரித்தாள். நான் கோபத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். இப்படிக் கஞ்சாவை ஒளித்து விற்பதற்குப் பதில், சட்டம் போட்டு, அளவு வைத்து, வயது பார்த்து அரசாங்கமே கொடுத்துவிட்டுப் போகலாமே என்றேன்.

"அப்படி சொல்லாதீங்க. என் தம்பி கஞ்சாவுல புத்தி கலங்கிக் கெடக்கறான்" என்றாள். "சாராயத்துக்குக் கடை தொறந்தாங்களே, அளவா குடிக்கறாங்களா? இதுக்கும் தொறந்தா இன்னும் ஜாஸ்திதான் ஆகும்."

"தடை இருந்தும் உங்க தம்பிக்குக் கெடச்சுதே."

"கெடச்சுதுதான்" என்றாள். "அவன சேத்துக்க ஒரு ஆஸ்பத்திரிதான் கெடைக்கல."

அவளோடு வாதாட எனக்கு மனம் வரவில்லை. கடை திறந்தால் சரியாகிவிடும் என்று அவளிடம் அடித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் இன்று இருப்பதைக் கட்டுப்பாடு என்று யாராவது சொன்னால் அவரை அக்காவின் கட்டில் ஓரத்தில் ஒரு இரவு உட்காரவைப்பேன். போதைக்காரனை இந்தத் தடை தடுக்கவில்லை. சீட்டோடு நேர் வழியில் வந்தவளைத்தான் தடுத்தது.

வேலூரில் கேள்வி கேட்டார்கள், ஃபைலைச் சரிபார்த்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள். யாரும் என்னைத் திருடியைப் போலப் பார்க்கவில்லை. அரை மணி நேரத்தில் மாத்திரை கையில் இருந்தது. இவ்வளவுதானா என்று நினைத்தபோது கோபம் இன்னும் கூடியது.

விளக்கு வைத்த பிறகு கீழ்பென்னாத்தூர் திரும்பினேன். மாத்திரை போட்டுக் கொஞ்ச நேரத்தில் அக்காவின் கால்விரல்கள் மெதுவாக விரிந்தன. அதுவரை அவை மடங்கி இறுகிக் கிடந்ததை நான் கவனிக்கவே இல்லை. இரவு முழுக்கத் தூங்கினாள். காலையில் தலை வாரிவிடச் சொன்னாள். இட்லி வேண்டும் என்றாள். மணிலாக் கடலைப் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சவில்லை என்று மாமாவைத் திட்டினாள். அவர் திட்டு வாங்கிக்கொண்டே சிரித்தார்.

நான் கிளம்பும்போது மாமா வாசலில் தயங்கி நின்றார். "இது தீந்து போச்சுன்னா மறுபடியும் வேலூரா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

உள்ளேயிருந்து அக்காவுக்குக் கேட்டுவிட்டது.

"அது தீர்றதுக்குள்ள நான் போயிடறேன். அவள அலைய வுடாதீங்க" என்றாள். சலிப்போ அழுகையோ இல்லை. பிறர் சிரமத்தைக் குறைக்கச் சொல்லும் யோசனை போலச் சொன்னாள்.

நான் பையை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ இரு அக்கா" என்றேன். "நான் அலையறேன்."