வாப்பாவின் தோல் மேஸ்

போர் முடிந்து, எங்களோடு இடம்பெயர்ந்து வந்தவர்களில் வடக்குக்குத் திரும்பியவர்கள் திரும்ப, நாங்கள் கரைத்தீவிலேயே தங்கிவிட்டோம். வாப்பாவுக்குச் சீனி வருத்தம். புத்தளம் கிளினிக்கை விட்டுத் தூரம் போக எனக்குத் துணிவில்லை. கால் இரண்டும் மரத்துப்போய், ஒரு விரலையும் எடுத்தாயிற்று. இனி ஒரு புண் வந்தால் பாதம் மிஞ்சாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

மக்காவுக்கு உம்ரா போன மச்சான் வாப்பாவுக்கு ஒரு சோடி தோல் மேஸ் கொண்டுவந்தார். கணுக்காலை மூடும் மெத்தென்ற குட்டைச் சப்பாத்து. காலைக் கழுவிவிட்டுப் போட்டுக்கொண்டால், ஒரு நாள் முழுக்க, தொழுகைக்கு முன் கைகால் கழுவும் வுளூவுக்கு அதன் மேல் ஈரக்கையால் தடவினால் போதும். பள்ளிக்குள்ளும் அதோடு தொழலாம். வாப்பாவுக்குப் பெருநாள் வந்ததுபோல் இருந்தது. எனக்குத்தான் நிம்மதி போயிற்று. உள்ளே ஒரு சிப்பித்துண்டு கிடந்தாலும் அவருக்குத் தெரியாதே! அவர் போடுமுன் தினமும் கைவிட்டுத் துழாவிப் பார்ப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, வாப்பா குளித்துக்கொண்டிருக்க, மேஸில் பிரிந்திருந்த தையலைப் போட்டுக்கொண்டிருந்தேன். சோற்றுப்பானை பொங்கிவழிய, அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். திரும்பி வந்தால் மேஸும் இல்லை, வாப்பாவும் இல்லை. நூல்கட்டை மட்டும் கிடந்தது. பாயை உதறினேன், உடுப்பை உதறினேன். ஊசி இல்லை.

பள்ளிக்கு ஓடினேன். குத்பா தொடங்கிவிட்டது. இனி உள்ளே ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. பெண் நான் அங்கே போகவும் முடியாது. கேற்றடியில் நின்றேன். அன்றைக்கென்று பிரசங்கம் நீண்டுகொண்டே போனது. இந்த மனிசனுக்கு வீட்டில் சோறில்லையா என்று ஏசினேன், அல்லாஹ் மன்னிக்கட்டும். தொழுகை தொடங்கியதும் இன்னும் மோசம். ஒவ்வொரு 'அல்லாஹு அக்பர்' தக்பீருக்கும் வாப்பா குனிவதையும் எழும்புவதையும், அந்தப் பாதத்தில் பாரம் இறங்குவதையும் நினைத்து நினைத்துச் செத்தேன்.

வெளியே வந்தவரைப் படியில் இருத்தி மேஸைக் கழற்றினேன். குதிக்காலில் ஊசி. அதன் காது மட்டும் வெளியே தெரிந்தது.

"நோவுதா வாப்பா?"

"இல்லயே மகள். என்னத்துக்கு அழுறீங்க?"

ஆஸ்பத்திரியில் டொக்டர் ஊசியை இழுத்தெடுத்தார். எலும்பில் படவில்லை, உடனே கொண்டுவந்ததால் பாதம் தப்பியது என்றார். பிறகு கோபமாகக் கேட்டார்.

"ஆர் இதுக்குள்ள ஊசிய விட்டது?"

நான் வாயைத் திறக்குமுன் வாப்பா முந்திக்கொண்டார்.

"நான்தான் டொக்டர். நானே தைச்சன், மறந்துட்டன்."

ஜும்ஆ தொழுது ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. சின்ன வயதில் நான் ஒரேயொரு பொய் சொன்னதற்கு மூன்று நாள் என்னோடு பேசாமலிருந்த மனிதர் அவர்.