தேவானை கழட்ட மறுத்த கயிறு

சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் கார்களுக்கு ஒயரிங் வேலை பார்க்கும் தேவானையைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவள் முகத்தைப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார்கள். அதற்குக் காரணம் செந்தில்குமார். அவன் பெயரைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும், சொல்லித்தான் ஆகவேண்டும்.

நான் சந்திரிகா. தேவானை கடைக்கு எதிரில் இட்லி விற்கிறேன். அவள் பேட்டரிக் கடையில் கூட்டிப் பெருக்க வந்தவள். முதலாளி சாப்பிடப் போகும் நேரத்தில் பழைய ஒயர்களைப் பிரித்துப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டாள். ஆற்றோரத்து வீட்டை அரசாங்கம் இடித்து, குடும்பத்தைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகும் பஸ் மாறி இங்கேயேதான் வந்து கடை திறக்கிறாள். வாய் கொஞ்சம் நீளம். நல்ல வண்டியைப் பார்த்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

பக்கத்தில் சீட் கவர் கடை வைத்திருக்கும் செந்தில்குமார் புதுக் கார் வாங்கி வந்து நிறுத்தினான். "வண்டி சோக்கா கீது நைனா" என்றாள் இவள். மறுநாள் ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தில் இடித்தான். இடித்தது அவன், பழி இவள்மேல். கொள்ளிக்கண்ணு என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னான். அவன் மனைவி சீதா ஒரு காலையில் வந்து குனிந்து, தேவானை மிதித்த இடத்து மண்ணைக் கிள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். அந்தக் காலடி மண்ணை உப்போடும் மிளகாயோடும் வண்டிக்குச் சுற்றி நெருப்பில் போட்டார்கள். எல்லாம் இவள் பார்க்கும்படிதான். பிறகு காரின் முன்னால் எலுமிச்சையும் மிளகாயும் கோத்த கறுப்புக் கயிற்றைக் கட்டி, அது தேவானை கடையைப் பார்க்கும்படி தினமும் நிறுத்தினான். பழம் வாட வாடப் புதுப் பழம் கோப்பான்.

புது வண்டிக்காரர்கள் இவளிடம் வருவது நின்றது. மகள் நிலாவைப் பெண் பார்க்க வருவதாகச் சொன்னவர்கள், மார்க்கெட்டில் விசாரித்துவிட்டு வராமலே இருந்துவிட்டார்கள். அன்றைக்குத்தான் தேவானை அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அந்தக் கயித்த அவன் கையாலயே கழட்ட வைக்கணும்க்கா. அத்தினி பேரும் பாக்கணும்."

இந்தத் தையில் செந்தில்குமார் மகளுக்குக் கல்யாணம், வடபழனியில் மண்டபம். மாப்பிள்ளையை வேளச்சேரியிலிருந்து அழைத்து வரவேண்டிய சாயங்காலம் அவன் காரில் இரண்டு ஹெட்லைட்டும் எரியவில்லை. பல்பு மாற்றினார்களாம், ஃப்யூஸ் மாற்றினார்களாம், ரிலே மாற்றினார்களாம். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் காரை ஓட்டிக்கொண்டு, பட்டு வேட்டியோடு இங்கே வந்து நின்றான். பின்னால் சீதா, அவளுக்குப் பின்னால் சொந்தக்காரக் கூட்டம்.

"அக்கா, இன்னான்னு கொஞ்சம் பாரேன். மாப்ளய இட்டாரணும்."

"பாக்காதடி! இருட்டுலயே போவட்டும்!" என்று நான் இட்லித் தட்டைப் போட்டுவிட்டுக் கத்தினேன்.

அவள் கேட்கவில்லை, பானட்டைத் திறந்தாள். இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டாளே என்று எனக்கு அவள்மேலேயே கோபம் வந்தது.

"ஹாரன் அடிக்குதா?"

"அடிக்குது."

பல்புக்குப் பின்னால் இருந்த பிளக்கைப் பிடுங்கினாள். டெஸ்ட் லாம்ப்பின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸில் மாட்டி, மறுமுனையால் பிளக்கைத் தொட்டாள். லாம்ப் எரிந்தது. "கரண்டு வந்துக்கினுதான் கீது. திரும்பிப் போவ வழியில்ல. எர்த்து போச்சு" என்றாள். பிளக்கைத் திரும்ப மாட்டினாள். ஒரு துண்டு ஒயரை எடுத்து, பல்புகளிலிருந்து வரும் எர்த் ஒயரோடு ஒரு முனையையும் பேட்டரி மைனஸோடு மறுமுனையையும் சேர்த்தாள். இரண்டு லைட்டும் பளீரென்று எரிந்தன. கூட்டம் கை தட்டியது. உடனே ஒயரை உருவிவிட்டாள். மறுபடி இருட்டு. அவள் எதையும் மறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

எர்த் ஒயர் போகும் வழியே டார்ச் அடித்துக்கொண்டு போனாள். பம்பருக்கு மேலே ஒரு போல்ட்டில் அது முடிந்தது. ஒயரின் முனைக்கும் வண்டியின் தகட்டுக்கும் நடுவில் அந்தக் கறுப்புக் கயிறு. போல்ட்டைக் கழற்றி, அதற்கடியில் கயிற்றைச் சுற்றி முறுக்கியிருந்தான். எலுமிச்சைச் சாறு இறங்கி இறங்கி அந்த இடமே பச்சை பூத்து அரித்துப் போயிருந்தது.

"இத்த யாரு கட்னது?"

"நான்தான்... திருஷ்டிக்கு."

"யாரு திருஷ்டிக்கு?"

சீதா தரையைப் பார்த்தாள். அவள் மண் அள்ளிய அதே தரை.

"கழட்டு. லைட்டு எரியும்."

"நீயே கழட்டிடுக்கா."

"நான் தொட மாட்டேன் நைனா. நாளைக்கு உம் பொண்ணுக்கு தலவலி வந்தாகூட, என் வாசல்ல மண்ணு அள்ள வருவ." ஸ்பானரை நீட்டினாள்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. அவள் முன்னால் திருஷ்டிக் கயிற்றை அவிழ்க்க அவனுக்குப் பயம். வேறு வழியில்லாமல் குந்தினான். போல்ட் சுழன்றது. கல்யாண வேலையில் மாற்றாமல் விட்டு அழுகிய பழங்கள் பட்டு வேட்டியில் விழுந்து வழிந்தன. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், ஏன் மறைக்க வேண்டும்?

"லைட்டு யாரால போச்சு? சத்தமா சொல்லு. மார்க்கெட்டு பூரா சொன்னியே, அத்த மாரி."

"என்னாலதான்க்கா. உன் கண்ணால இல்ல."

தகட்டையும் ஒயர் முனையையும் உப்புத்தாளால் தேய்த்து, போல்ட்டை இறுக்கினாள். இரண்டு லைட்டும் எரிந்தன. அவன் பாக்கெட்டில் கை விட்டான்.

"துட்டு வாணாம். அந்தக் கயித்த குடு."

நிலாவைப் பார்க்க வராமல் போனவர்கள் அடுத்த மாதமே மறுபடி ஆள் அனுப்பினார்கள். தேவானை முடியாது என்று சொல்லிவிட்டாள். புதுக் கார்கள் வருகின்றன, ஹெட்லைட் வேலை குவிகிறது. கயிறு அவள் கடை முகப்பில் ஆணியடித்துத் தொங்குகிறது, காய்ந்த மிளகாயோடு. என்ன இது என்று யார் கேட்டாலும் நான்தான் முழுக் கதையையும் சொல்கிறேன், சீட் கவர் கடை வரைக்கும் கேட்கும்படி. செந்தில்குமார் தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டுத் திரும்பினால், முதலில் பார்ப்பது அதைத்தான்.