மூன்று நூல் நீளம்

காரை ஜக்கிலிருந்து இறக்கிய பிறகு இடது பக்கக் கதவு சாத்தவில்லை. கதவின் கீழ் மூலை, கதவு சாத்துகிற தகரத் தூணில் முட்டியது. மேலே விரல் நுழையும் அளவுக்கு நீக்கல். இரண்டாம் தரம் பலமாக அடித்தேன். மூன்றாம் தரம் முழங்காலால் தள்ளினேன். பூட்டு நுனியில் மட்டும் கொளுவிக்கொண்டு நின்றது. அடுத்த நாள் காலை ஏழு மணிக்குச் சொந்தக்காரி வந்து காரை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போக வேண்டும்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் கார்களுக்குத் தகர வேலை செய்தவன். டிங்கரிங் என்று சொல்வோம். கராஜ் நெல்லியடிக்கும் கரவெட்டிக்கும் இடையில். என் பங்காளி குலம் பெயின்ற் அடிப்பான். நான் செய்த பிழைகளில் பெரியது அந்தக் கதவு. வெல்டிங்கை எப்படிப் பிடிப்பது என்று இந்த வேலை பழகுகிற உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். இதைச் சொல்ல ஆள் கிடையாது என்பதால் எழுதுகிறேன்.

1. றெஜினா மிஸ்ஸி

ஆஸ்பத்திரித் தாதியை எங்கள் பக்கத்தில் மிஸ்ஸி என்பார்கள். ஓய்வு பெற்றாலும் அந்தப் பெயர் போகாது. றெஜினா மிஸ்ஸி பருத்தித்துறைக் கடற்கரைப் பக்கம் இருந்தார். தகப்பன் வைத்திருந்த மொறிஸ் மைனரைத் தானே ஓட்டுவார். கடற்காற்றுக்குள் நிற்கிற காரின் தகரம் கீழிருந்துதான் சாகும். ஸ்குறூட்றைவரால் சில்லைக் குத்தினேன். கைபிடி வரை உள்ளே போனது.

சில் என்பது கதவுக்குக் கீழே முன் தூணிலிருந்து பின் தூண் வரை ஓடும் பெட்டி போன்ற தகரம். லொறிக்கு அடியில் இருக்கிற மாதிரி இந்தக் காருக்குத் தனிச் சட்டம் இல்லை. இரண்டு பக்கச் சில்லும்தான் முழு உடம்பையும் தாங்கும்.

மிஸ்ஸியின் தம்பி அன்ரன் முன் சீற்றில் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். இரண்டு சிறுநீரகமும் பழுது. செவ்வாயும் வெள்ளியும் யாழ்ப்பாணத்தில் டயலிசிஸ்.

"போகேக்கை பிரச்சினை இல்லை, பாலன்," என்றார் மிஸ்ஸி. "திரும்பி வரேக்கை இவனுக்குத் தலை நிக்காது. ஓட்டோவிலை இருத்தினால் சரிஞ்சு விழுவான். வாற செவ்வாய் மட்டும் எப்பிடியும் சமாளிக்கிறன். வெள்ளி எனக்குக் கார் வேணும். ஏலுமோ, ஏலாதோ?"

ஒரு பக்கச் சில்லையும் காலடித் தகரத்தையும் மாற்ற ஒழுங்காக இரண்டு கிழமை வேண்டும். எனக்கு அது தெரியும். அன்ரனின் முகத்தைப் பார்த்தேன்.

"ஏலும் மிஸ்ஸி. ஆறு நாள் காணும். இப்ப இடது பக்கம். மற்றதைப் பிறகு பாப்பம்."

குலம் பெயின்ற் டப்பாவைக் கிண்டிக்கொண்டிருந்தவன் தலையை நிமிர்த்திப் பார்த்தான்.

2. மரப்பெட்டி

மாற்ற வேண்டிய தகரப் பனல்கள் இங்கிலாந்திலிருந்து மிஸ்ஸியின் பெறாமகள், மகள் முறையானவள், அனுப்பியவை. மரப்பெட்டிக்குள் இரண்டு பக்கத்துச் சில்லும், இரண்டு காலடித் தகரமும், கறுப்பு பிறைமர் அடித்து, எண்ணெய்க் கடதாசி சுற்றி வந்தன. அதுவரை நான் எல்லாப் பனலையும் கையால் அடித்துத்தான் செய்தேன். தட்டையான தகரத்தை வெட்டி, தண்டவாளத் துண்டில் வைத்து மடித்து, சுத்தியலால் வளைவு எடுப்பேன். றெடிமேட் பனலை முதன்முதலாகக் கையில் எடுத்தபோது சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. எனக்கு இரண்டு நாள் எடுக்கிற வளைவை யாரோ ஒரு மெஷின் ஒரே அமத்தலில் எடுத்திருந்தது.

சனிக்கிழமை காரைத் தூக்கினேன். பின் அச்சுக்குக் கீழே இரண்டு தாங்கி, நடுவில் இரண்டு தாங்கி. முன்பக்கம் அந்தரத்தில் நின்றது. எஞ்சினை இறக்கியிருக்க வேண்டும். அதற்கு ஒரு நாள் போகும் என்று விட்டுவிட்டேன். கதவு இருந்த இடத்தில் இரண்டு தூணுக்கும் குறுக்கே ஆங்கிள் அயன் ஒன்றை வெல்ட் பண்ணியிருக்க வேண்டும். அதற்கு அரை நாள். அதையும் விட்டேன். குலம் ஒருக்கால் கேட்டான்.

"முன்னுக்கு முட்டுக் குடுக்கேல்லையோ?"

"பழைய இரும்பு. அசையாது."

கிரைண்டரால் பழைய சில்லை வெட்டி எடுத்தேன். புதுப் பனலைத் தூக்கி வைத்தால் மூன்று நூல் கூடுதலாக இருந்தது. எங்கள் வேலையில் எட்டு நூல் ஓர் அங்குலம். மூன்று நூல் என்றால் ஒரு சுண்டுவிரலின் அகலம் வராது.

"மெஷினிலை அடிச்சவனுக்கு அளவு தெரியேல்லை," என்று சொல்லிச் சிரித்தேன். சொன்ன கையோடு பனலின் முன் முனையில் மூன்று நூலை வெட்டி எறிந்தேன். அப்போது அது கச்சிதமாக உட்கார்ந்தது. கிளாம்ப் போட்டு வெல்ட் பண்ணி, வியாழன் மதியம் காரை இறக்கினேன். அதன் பிறகுதான் அந்தக் கதவு.

வியாழன் பின்னேரம் நான் செய்தது இதுதான். கதவைத் தாங்கும் மேல் பிணைச்சலுக்குள் ஒரு மெல்லிய தகடு வைத்தேன். கதவின் கீழ் மூலையை அராவினேன். பூட்டின் கொளுக்கியை வெளியே இழுத்து முறுக்கினேன். மேல் நீக்கலைப் பில்லர் என்கிற பசையை அப்பி மெலிதாக்கினேன். குலம் அதன் மேல் பெயின்ற் அடித்தான். தூரத்தில் நின்று பார்த்தால் குற்றம் தெரியாது.

மிஸ்ஸி காலையில் வந்து கதவை இரண்டு தரம் திறந்து சாத்தினார்.

"சத்தம் வேறை மாதிரிக் கிடக்கு."

"புதுத்தகரம் மிஸ்ஸி. இறுக்கமாய்த்தான் இருக்கும். ஓட ஓடச் சரிவரும்."

முப்பது வருடத்தில் வாடிக்கையாளரிடம் சின்னச் சின்னப் பொய்கள் சொல்லியிருக்கிறேன். இந்தப் பொய் அந்தக் கணக்கில் சேராது.

3. இருப்புக் கொள்ளாத பத்து நாள்

அதற்குப் பிறகு எனக்கு ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. ஒரு லொறியின் மட்கார்டை அடிக்கத் தொடங்கி, பாதியில் விட்டு, வேறொரு வானின் கதவைக் கழற்றினேன். அதையும் விட்டு ரோட்டுக்கு வந்து நின்றேன். செவ்வாயும் வெள்ளியும் காலையில் மிஸ்ஸியின் கார் எங்கள் கராஜைத் தாண்டித்தான் போகும். அது போகும்வரை கையில் வேலை ஓடாது. போன பிறகு திரும்பி வரும்வரை ஓடாது. வீட்டில் மனைவி சோற்றைப் போட்டுவிட்டு, "என்னப்பா, ஆரோடையும் கொழுவினனீங்களோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

குலத்துக்குத் தெரியும். இரண்டாவது ஞாயிறு தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டான்.

"பாலா, அந்தப் பனல் பிழையெண்டு நீ என்னெண்டு கண்டனி?"

"வைச்சுப் பாத்தனான். நீளம்."

"மற்றப் பக்கத்துப் பனல் பெட்டிக்கை கிடந்தது. அந்தப் பக்கம் வெட்டாத பக்கம். அதிலை வைச்சுப் பாத்தனியோ?"

அந்தப் பெட்டி ஆறு நாளும் என் காலடியில் கிடந்தது. இருமுறை அதன் மேல் ஏறி நின்று வேலை செய்திருக்கிறேன்.

4. பருத்தித்துறை பஸ்

திங்கட்கிழமை காலை வலது பக்கச் சில்லைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். நாலடிக்கு மேல் நீளம். கொண்டக்டர் ஏசினார். நின்றுகொண்டே போனேன். இருக்க இடம் இருந்தது, இருக்க மனம் வரவில்லை.

மிஸ்ஸி வளவில் இல்லை. பூசைக்குப் போயிருந்தார். கார் வேப்பமரத்தின் கீழே நின்றது. வலது பக்கம் போய், நிலத்தில் படுத்து, சாக்கை உரித்து, பனலைப் பழைய சில்லோடு சேர்த்துப் பிடித்தேன். முன் மடிப்பு முன் தூணில் சரியாக நின்றது. பின் மடிப்பு பின் தூணில் சரியாக நின்றது. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பனல் சரி. நான் இடது சில்லை வெட்டியபோது, தாங்க ஒன்றுமில்லாமல் எஞ்சினின் பாரத்துக்குக் காரின் மூக்கு கீழே இறங்கியிருக்கிறது. கீழே தூண்கள் நெருங்கி, மேலே விலகியிருக்கின்றன. அந்தக் கோணலை அப்படியே வைத்து வெல்ட் பண்ணி மூடிவிட்டேன்.

எழும்பி இடது பக்கம் போனேன். கதவின் உள் கைபிடியில் ஒரு சீலைத்துண்டு கட்டியிருந்தது. மறு முனை சீற்றின் காலில் முடிந்திருந்தது.

"அது நான் கட்டினது."

அன்ரன் வாசற்படியில் நின்றார். மெல்ல நடந்து வந்தார்.

"போன வெள்ளி வல்லை வெளியாலை வரேக்கை காத்து எடுத்து அடிச்சுது. கதவு திறந்திட்டுது. எனக்குத் தலை சுத்திக்கொண்டு இருந்தது. வலக் கையாலை சீற்றைப் பிடிச்சன். இடக் கையாலை பிடிக்க ஏலாது." இடது கையை நீட்டிக் காட்டினார். டயலிசிஸ் ஊசி ஏற்றுகிற இடம் கயிறு போலப் புடைத்திருந்தது. "இதிலை அடிபட்டால் அவ்வளவுதான்."

"மிஸ்ஸிக்குத் தெரியுமோ?"

"கதவு திறந்தது தெரியும். நான் கதவைச் சரியாச் சாத்தேல்லை எண்டு சொல்லிப்போட்டன். கதவு பிழையெண்டு தெரிஞ்சால் காரை விட்டிட்டு ஓட்டோ பிடிப்பா. ஓட்டோவிலை எனக்கு ஏலாது, பாலன்."

கார் மட்கார்டில் கை வைத்துக்கொண்டு நின்றேன். வல்லை வெளியில் இரண்டு பக்கமும் தண்ணீர். எதிரே எந்த நேரமும் பஸ் வரும்.

மிஸ்ஸி படலையைத் திறந்து வந்தார். கையில் செபமாலை. சாக்கையும் பனலையும் பார்த்தார்.

"என்ன செய்யிறீர், பாலன்?"

சொன்னேன். முன்பக்கத்துக்கு முட்டுக் கொடுக்காதது, பனலைப் பிழை சொன்னது, வெட்டியது, பில்லர் போட்டது, ஓட ஓடச் சரிவரும் என்று சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். அன்ரனின் சீலைத்துண்டைப் பற்றி நான் சொல்லவில்லை. அவரே சொன்னார்.

மிஸ்ஸி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"வார்டிலை ஒருக்கால் நான் பிழையான ஊசி ஏத்தினனான்," என்றார். "உடனை டொக்டரிட்டை ஓடினன். நோயாளி தப்பினார். ஓடாமல் நிண்டிருந்தால் செத்திருப்பார். நீர் பத்து நாள் நிண்டிருக்கிறீர்."

"ஓம் மிஸ்ஸி."

"நாளைக்கு இவனை என்னெண்டு கொண்டுபோறது?"

"நான் கொண்டுபோறன். குலத்தின்ரை வான் இருக்கு. கார் முடியிற வரைக்கும் நான்தான் கொண்டுபோவன்."

"எத்தினை நாள்?"

ஆறு என்று வாய் வந்தது. கடித்துப் பிடித்தேன். "ரெண்டு கிழமை. கூடினாலும் கூடும்."

5. கால் சுற்று

அந்த இரண்டு கிழமையில் நாலு தரம் அன்ரனை யாழ்ப்பாணம் கொண்டுபோனேன். அவர் உள்ளே படுத்திருக்கிற நாலு மணித்தியாலமும் நான் வெளியே நடந்தேன். திரும்பும்போது அவர் என் தோளில் சரிந்து கிடப்பார். ஒரு குழிக்கு வானை எப்படி இறக்குவது என்று அந்த நாட்களில்தான் நான் படித்தேன்.

கராஜில் முதல் வேலையாக எஞ்சினை இறக்கினோம். இடது சில்லின் வெல்டிங் எல்லாவற்றையும் அரைத்து, நான் பூட்டிய பனலை நானே கழற்றினேன். முன் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே ஜக்கை வைத்தேன். கதவைப் பூட்டி, நீக்கலில் நெருப்புக்குச்சியை வைத்துக்கொண்டு குலம் நின்றான்.

"கால் சுத்து," என்றான்.

ஜக்கின் திருகைக் கால்வாசி சுற்றினேன். காரின் உடம்புக்குள் எங்கோ தகரம் முறுகிற சத்தம் வந்தது. நிறுத்தினேன்.

"ஏன் நிப்பாட்டினனி?"

"கிழியுது."

"கிழியேல்லை. உன்ரை வெல்டிங் ஒண்டு மிச்சம் கிடக்கு. அதைப் பார்."

தூணின் உள்பக்கம் ஒரு பொட்டு வெல்டிங் அரைபடாமல் இருந்தது. அதையும் அரைத்தேன். மறுபடி கால் சுற்று. பிறகு இன்னும் கால். மத்தியானம் வரை அந்த ஜக்கின் முன்னால் முழங்காலில் இருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக ஒரு வேலையும் செய்ததில்லை. ஒரே இழுவையில் முடித்துவிடு என்று உடம்பு சொன்னது. குலம் குச்சியை மேலேயும் கீழேயும் வைத்துப் பார்த்து, "காணும்," என்றபோது அளவு நாடாவைப் பிடித்தேன். கீழே மூன்று நூல் விரிந்திருந்தது.

மூக்குக்குக் கீழே முட்டு, கதவு இடத்தில் குறுக்கே ஆங்கிள் அயன், எல்லாம் போட்ட பிறகே வெல்டிங் பிடித்தேன். வெட்டி எறிந்த மூன்று நூலுக்குப் புதிதாகத் துண்டு போட்டேன். அராவிய கதவு மூலைக்கு வெல்டிங் ஊற்றி, மறுபடி உருவம் எடுத்தேன். ஒரு துளி பில்லர் போடவில்லை.

மிஸ்ஸி வந்த அன்று நான் சாவியை மட்டும் கொடுத்தேன். அன்ரன் முன் சீற்றில் ஏறி, கதவை ஒற்றை விரலால் இழுத்தார். அது சாத்தியது. திறந்து, இன்னொரு தரம் இழுத்தார். மிஸ்ஸி வெளியே நின்று கதவைத் தன் முழுப் பலத்தோடும் பிடித்து ஆட்டினார். பிறகு காரைச் சுற்றி வலது பக்கம் போய், குனிந்து, அந்தப் பழைய சில்லைப் பார்த்தார்.

"இதை எப்ப வெட்டுறீர்?"

நான் அதை எதிர்பார்க்கவில்லை. வேறு கராஜுக்குப் போவார் என்றுதான் நினைத்திருந்தேன்.

"மூண்டு கிழமை வேணும் மிஸ்ஸி. அதுக்குள்ளை ஏலாது."

"எடும்," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். வெட்ட முன் முட்டுக் கொடுங்கள். பனல் பொருந்தவில்லை என்றால் பனலை வெட்ட முன் உங்கள் வேலையைச் சந்தேகப்படுங்கள். இரக்கப்பட்டு நாளைக் குறைத்துச் சொல்லாதீர்கள். அப்படிக் குறைத்த நாளின் கடனை நான் அல்ல, வல்லை வெளிக் காற்றில் சீற்றைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு நோயாளிதான் திருப்பிக் கொடுத்தார்.