நாற்பது டிகிரி

அந்த ஆய்வகத்தில் அவளுக்கு 'நாற்பது' என்று பெயர். வயதைச் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். பெயர் விழுந்தபோது அவளுக்கு இருபதுகூட முடியவில்லை.

தையற்காரர் ஒருவரின் மூத்த மகள். சிறுபான்மையினருக்கான ஒரு சின்னக் கல்லூரியிலிருந்து பெரிய பல்கலைக்கழகத்துக்குப் பத்து வார ஆராய்ச்சிக்கு வந்த முதல் ஆள். இரண்டுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. இவள் ஒழுங்காகச் செய்து காட்டினால் அடுத்த வருடம் ஜூனியர்கள் நாலு பேர் வரலாம். சொதப்பினால் கதை அதோடு சரி. கிளம்பிய அன்று அந்த நாலு பேரும் பஸ் ஸ்டாப்புக்கு வந்து, "அக்கா, எங்க பொழப்பு உங்க கையில" என்று சிரித்தார்கள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

எட்டாவது வாரம்தான் உலையை அவளிடம் தனியாக விட்டார் சீனியர். சோடாபுட்டிக் கண்ணாடி, கடுகடுத்த முகம், ஆனால் நல்ல மனிதர். பேட்டரிக்குள் வைக்கிற பீங்கான் வில்லைக்காக மூன்று மாதம் பாடுபட்டுத் தூள் தயாரித்திருந்தார். அழுத்திய வில்லைகளை ஆயிரத்து இருநூறு டிகிரியில் சுட்டால் கல்லாக இறுக வேண்டும்.

காலையில் உலையைத் திறந்து இடுக்கியால் எடுத்தார். வில்லை சுண்ணாம்புக் கட்டியாக உதிர்ந்தது. அடுத்ததும் அப்படியே. நோட்டைப் பார்த்தார். அவள் கையெழுத்தில் '1200' என்று தெளிவாக இருந்தது.

"சூடு சரிதான். அப்ப தூள்லதான் கோளாறு. மூணு மாசம் தண்டம்."

அவர் அலமாரிப் பக்கம் திரும்பியபோதுதான் அவள் உலையின் மீட்டரைப் பார்த்தாள். வைத்த அளவு 1160.

அவள் கல்லூரி உலையின் சென்சார் பழசு. நாற்பது டிகிரி குறைத்துக் காட்டும். புதுசு வாங்க வழியில்லை. ஆகவே அங்கே எல்லோருமே மீட்டரில் நாற்பது குறைத்து வைப்பார்கள், நோட்டில் உண்மையான சூட்டை எழுதுவார்கள். மூன்று வருடப் பழக்கம். யோசிக்காமலே விரல் குறைத்துவிட்டது, யோசிக்காமலே கை எழுதிவிட்டது. இந்த உலையோ அரிச்சந்திரன்.

சீனியர் தூள் ஜாடியோடு கழிவுத் தொட்டிக்குப் போனார். நாளை ஒப்பந்தத்தின் மறுபரிசீலனைக் கூட்டம். பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் 1160 மறைந்துவிடும். யாருக்கும் தெரியாது. நாலு பேரின் முகம் கண்முன் வந்தது. ஜாடி சரிந்தது.

"அண்ணா, கொட்டாதீங்க!"

குரல் கிறீச்சிட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஜாடியைக் கீழே வைத்தார். நோட்டில் 1200ஐ அடித்துவிட்டு 1160 என்று எழுதினார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

மறுநாள் கூட்டத்தில் சீனியர் நடந்ததை நடந்தபடி சொன்னார். மீதித் தூளை இப்போது சரியான சூட்டில் சுட்டுக்கொண்டிருப்பதையும் சொன்னார். துறைத் தலைவர் அவள் பக்கம் திரும்பினார்.

"உங்க காலேஜ்லேருந்து வேற யார் வந்தாலும் இந்தத் தப்பு நடக்குமாம்மா?"

நடக்காது என்று சொல்ல நாக்கு துடித்தது.

"நடக்கும் சார். எல்லாருக்கும் அதே கைப்பழக்கம்தான்."

சொல்லி முடித்ததும் நாலு பேரின் தலையிலும் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டதாக உணர்ந்தாள். ஆய்வகத்தை நடத்தும் மேடம் கேட்டார், "நாப்பதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"வெள்ளிக் கம்பி மேடம். அது தொள்ளாயிரத்து அறுபதுல உருகணும். எங்க மீட்டர் தொள்ளாயிரத்து இருபது காட்டும்போதே உருகிடுச்சு. மூணு தடவ பாத்தோம்."

மேடம் தலைவரைப் பார்த்தார். "கையெழுத்துப் போட்டு எட்டு மாசம் ஆச்சு சார். நம்மள்ல ஒருத்தராவது அவங்க லேப்ல கால் வச்சோமா?"

சாயங்காலம் வில்லைகள் கல்லாக வந்தன. தட்டினால் கணீரென்றன. ஒப்பந்தம் பிழைத்தது. சின்னக் கல்லூரிக்குப் புது சென்சார் போயிற்று. நாலு பேர் அல்ல, முதலில் இரண்டு பேர் என்றார்கள்.

மறு வருடம் அந்த இரண்டு பேரும் வந்தார்கள். இவளும் மேற்படிப்புக்கு அங்கேயே சேர்ந்திருந்தாள். முதல் நாளே தன் கதையைச் சொல்லிவிட்டாள். இருவரில் சின்னவள் முதன்முதலாக உலையைத் தொட்ட அன்று இவள் பின்னால் நின்றாள். கதவருகே சோடாபுட்டி. சின்னவளின் விரல் பொத்தானை அழுத்தியது. 1140, 1150, 1160. அங்கே நின்றது.

இவள் வாயைத் திறக்கவில்லை.

சின்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, இன்னும் நாலு தட்டுத் தட்டினாள்.