பச்சை வந்த நெஞ்சு

அன்று பொதுநோக்கு மண்டபத்தில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. பக்கத்து வளவுக்காரர். எங்கள் கிராம அலுவலர் விதானையார். நெஞ்சு பரிசோதிக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தாதி மிஸ்ஸி. மேசையில் இருந்த மெசினையும் ஓர் ஆளாகச் சேர்க்க வேண்டும். முடிவு சொன்னது அதுதான்.

மனைவிக்கு இரண்டு மாதமாக இளைப்பு. வாய்க்கால் வரம்பில் பாதித் தூரம் போனால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்திவிடுவாள். இருதய வைத்தியரிடம் யாரை அனுப்புவது என்று தெரிவுசெய்வது இந்த மெசின்தான் என்றார்கள். சிவப்பு வந்தால் கடிதம். பச்சை வந்தால் வீடு.

மிஸ்ஸி வயர்களைப் பொருத்தினார். அடையாள அட்டையைப் பார்த்து விபரம் பதிந்தார். பச்சை வந்தது.

பக்கத்து வளவுக்காரருக்குச் சிவப்பு. காலையில் நெல்மூட்டை தூக்கிய மனிதர்.

"அண்ணை, உங்கட மனிசிக்குக் கல்லு நெஞ்சு," என்றார்.

"இவரோட முப்பது வருசம் இருந்தும் பழுதாகேல்லை. கல்லுத்தான்," என்றாள் மனைவி. அதைச் சொல்லவே மூச்சு வாங்கியது.

"ஏன் மிஸ்ஸி பச்சை?" என்று கேட்டேன்.

"தெரியாது ஐயா. நிறம் மட்டும்தான் காட்டும்."

"இளைப்பெண்டு சொன்னனாங்கள்."

"ஓம், அதையும் போட்டனான். எதை எவ்வளவு கணக்கெடுக்குதெண்டு எங்களுக்கும் சொல்லித் தரேல்லை."

அப்போதுதான் அட்டை நினைவுக்கு வந்தது. இடம்பெயர்ந்தபோது அவளுடைய பத்திரங்கள் எல்லாம் போய்விட்டன. முகாமில் புதிதாகப் பதிந்த நேரம் அவளுடைய தம்பி குத்துமதிப்பாக ஒரு வருடம் சொன்னான். அட்டையில் ஒன்பது வயது குறைந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பலருக்கு அட்டை வயது வேறு, சொந்த வயது வேறு.

"உண்மை வயசைப் போட்டுப் பாருங்கோ."

போட்டார். அட்டையோடு ஒத்துவரவில்லை என்று மெசின் ஏற்கவில்லை.

"அப்ப வயசாலதான் பச்சை வந்ததோ?"

"அதுவும் தெரியாது ஐயா."

விதானையாரைப் பார்த்தேன். "அட்டை திருத்த மாதக்கணக்காகும்," என்றார். "மெசின் பிழை விடாதெண்டுதான் சொல்லுகினம்."

"ஆர் சொல்லுகினம்?"



ஒரு மனிதர் மாட்டேன் என்றால் முகத்தைப் பார்த்துச் சண்டை பிடிக்கலாம். இதோடு என்னத்தைப் பிடிக்கிறது.

மறுநாள் முதல் பஸ்ஸில் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். கடிதம் இல்லை, அதனால் பொது வரிசை. இலக்கத் துண்டு ஒன்று தந்தார்கள். மனைவி சுவரோடு சாய்ந்து குந்தினாள். துண்டில் இருந்த எண் 143.