முதுகில் குத்திய பெயர்

புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட, வேலூரிலிருந்து ஆவடிவரை சைக்கிள் ஓட்டினோம். அந்த நோயில் இறந்த ஒருவர் பெயரைத் துணியில் எழுதி முதுகில் குத்திக்கொள்வது எங்கள் வழக்கம். எனக்கு அப்படி யாருமில்லை; என் துணி வெறுமையாகவே இருந்தது.

குத்தம்பாக்கத்தில் கால் ஓய்ந்துபோனது. டயர் பஞ்சர் என்று புளுகி, ஒரு மினி லாரியில் சைக்கிளோடு ஏறினேன். வெறுந்துணியைப் பார்த்து விவரம் கேட்ட ஓட்டுநர் வாடகை வாங்கவில்லை.

“எங்கம்மா இந்த நோவுலதான் போச்சு அண்ணாத்தே. அது பேர எழுதிக்கினு போயேன்.”

அவரே எழுதினார். வெட்கங்கெட்ட நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

ஆவடியில் ஒரு தெரு முன்னதாகவே இறங்கி, காற்றே இறங்காத அந்த டயரில் மிதித்துப் போய்ச் சேர்ந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். கூட்டத்துக்குப் பின்னால் லாரியை நிறுத்திவிட்டு அவரும் தட்டினார்.

“யாரு அது?” என்றான் நண்பன், அவரைக் காட்டி.

தெரியாது என்றேன்.