நான் கனடா ஆன ஞாயிற்றுக்கிழமை

ஐஸ் ஹாக்கியில் உலகத்திலேயே பலமான நாடு எது என்ற கவலை ஆவடியில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இருந்தது. அவர் என் சித்தப்பா. மற்றவர்களுக்குத் தண்ணீர் எப்போது வரும், டி.ஏ. எப்போது ஏறும் என்று வேறு கவலைகள். ஐஸ் என்றால் எங்களுக்குக் குச்சி ஐஸ், பால் ஐஸ், அவ்வளவுதான்.

அப்பாவும் சித்தப்பாவும் ஒரே பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள். திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. கல்யாணமாகாத சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். எனக்கு ஒன்பது வயது நடந்தபோது ஆறு மாதப் பயிற்சிக்கு ரஷ்யா போகிறவர்களின் பட்டியலில் அவர் பெயர் வந்தது. எங்கள் வகையறாவில் அதுவரை விமானத்தை அண்ணாந்து பார்த்தவர்கள் மட்டுமே உண்டு. சேதி வந்த அன்றைக்கு அம்மா பாயசம் வைத்தாள். அப்பா பக்கத்து பிளாக் வரைக்கும் நடந்துபோய், கேட்காதவர்களிடமும் சொல்லிவிட்டு வந்தார்.

வேறு யாராக இருந்தாலும் ஸ்வெட்டர் வாங்குவார்கள், ஊறுகாய் கட்டுவார்கள். சித்தப்பா ஐஸ் ஹாக்கி படித்தார். அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடும்போதும் அதைத்தான் பேசுவார்களாம், ஒன்றும் தெரியாமல் போய் உட்கார்ந்தால் நம்மை மதிக்க மாட்டார்களாம். கேபிளில் விளையாட்டுச் சேனல் வைத்து, பனித்தரையில் ஆட்கள் முட்டிமோதிக்கொள்வதைக் கண் கொட்டாமல் பார்ப்பார். கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் கனடா, ரஷ்யா, ஸ்வீடன், ஃபின்லாந்து, செக், அமெரிக்கா என்று ஆறு நாடுகளை எழுதி, அடித்து, வரிசையை மாற்றி மாற்றி எழுதுவார். இந்த ஆறு பேருக்குள்தான் எப்போதும் சண்டை, மற்ற தேசமெல்லாம் சும்மா பந்திக்கு வந்தவர்கள் என்பது அவர் கட்சி. விளையாட்டைப் பெற்றெடுத்தது கனடா. ஆனால் சோவியத் காலத்தில் ரஷ்யாக்காரர்கள் எல்லோரையும் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்கள். ஆக முதலிடம் யாருக்கு? மனசுக்குள் அவருக்குக் கனடாதான். அதை ரஷ்யாவில் போய்ச் சொல்லலாமா கூடாதா என்று ராத்திரிச் சாப்பாட்டில் தினமும் பிரச்சினை ஓடும். "சொல்லித் தொலைக்காதடா, சோறு போட மாட்டான்" என்பார் அப்பா. சாதா ஹாக்கியில் எட்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கினவர்கள் நாம், ஐஸில் இறங்காததால்தான் அவர்கள் பிழைத்தார்கள் என்பதும் அப்பாதான்.

கற்றதைச் சித்தப்பா எங்கள்மேல்தான் பரீட்சை பார்த்தார். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் ஆறு பேர், ஆளுக்கொரு நாடு. தென்னை மட்டையைச் சீவி ஆறு பேட் செய்து கொடுத்தார். தேய்ந்துபோன ரப்பர் செருப்பை வட்டமாக நறுக்கியதுதான் பந்து. ஆறு பேரில் நான் ஒருத்திதான் பெண், வயதிலும் சின்னவள். அதனால் யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய ஃபின்லாந்தை என் தலையில் கட்டினார்கள். அட்லஸில் தேடிக் கண்டுபிடிக்கவே எனக்கு அரைமணி நேரமானது. கனடா, மேல்வீட்டுப் பையனிடம் இருந்தது. அவன் அந்த ஒரு காரணத்துக்காகவே தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான். எனக்கு வயிறு எரியும். சித்தப்பாவிடம் போய் அழுதேன். கடைசி ஆட்டத்தில் யார் ஜெயிக்கிறார்களோ அவர்களுக்குக் கனடா என்று அவர் சட்டம் போட்டார்.

ஆட்டம் என்று பெயர்தானே தவிர, சிமெண்டுத் தரையில் அந்த ரப்பர் துண்டு நகரவே நகராது. மாடு இழுத்தாலும் வராது. நிஜப் பனியில் எப்படிப் போகும் என்று சித்தப்பாவைக் கேட்டேன். "கேரம் போர்டுல பவுடர் போட்டா காய் எப்படிப் போவுது? அது மாதிரி" என்றார்.

சொன்னவர் சும்மா சொன்னார். கேட்டவள் சும்மா இருக்கவில்லை.

குவார்ட்டர்ஸ் மனமகிழ் மன்றத்தில் சித்தப்பாதான் கேரம் பொறுப்பாளர். போர்டுகள், காய்கள், போரிக் பவுடர் டப்பாக்கள் எல்லாம் ஒரு அலமாரியில் பூட்டியிருக்கும். அதற்கு இருந்தது ஒரே சாவி, அது எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். மன்றத்துக் கூடமோ நல்ல மொசைக் தரை. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கேதான் சித்தப்பாவுக்கு வழியனுப்பு விழா. மன்றத்து வாட்ச்மேனை எல்லோரும் அண்ணாத்தே என்றுதான் கூப்பிடுவோம். அவர் காலையிலேயே கூடத்தைப் பெருக்கிவிட்டு வீட்டுக்குப் போனதை நான் பார்த்துவிட்டேன். ஆணியிலிருந்து சாவியை எடுத்தேன். இரண்டு டப்பா பவுடரையும் கொட்டினேன்.

அடேயப்பா, என்ன ஓட்டம்! தொட்டால் போதும், ரப்பர் துண்டு இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் பறந்தது. நாங்களும் பறந்தோம், விழுந்தோம், முட்டியைத் தேய்த்துக்கொண்டு எழுந்தோம். மேல்வீட்டுப் பையனை நான் மூன்றுக்கு இரண்டில் ஜெயித்தேன். என் வாழ்க்கையில் நான் வாங்கிய எந்தப் பதவி உயர்வும் அவ்வளவு சந்தோஷத்தைத் தந்ததில்லை. பிறகு விளக்குமாற்றால் கூட்டி அள்ளினோம். தரை பளபளவென்றுதான் இருந்தது. ஈரத்துணி போட்டுத் துடைத்தால்தான் போரிக் பவுடர் போகும் என்பது ஆறு நாடுகளில் ஒன்றுக்கும் தெரியவில்லை. சாவியை ஆணியில் மாட்டிவிட்டுக் கையை மட்டும் கழுவினேன்.

சாயங்காலம் எல்லோரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். சித்தப்பாவும் கழற்றத்தான் குனிந்தார். பூந்தமல்லியில் பார்த்துப் பார்த்து வாங்கிய புது லெதர் ஷூ. போட்டோவில் அது விழ வேண்டும், கழற்றாதே என்று அம்மா தடுத்துவிட்டாள். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தார். பொன்னாடையோடு தலைவர் நின்றுகொண்டிருந்தார். நாலு எட்டுதான் வைத்தார். இரண்டு காலும் ஒரே சமயத்தில் முன்னால் போக, வலது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. எனக்குக் கேட்டதா, இல்லை கேட்டதாகப் பிற்பாடு நானே நினைத்துக்கொண்டேனா என்று தெரியவில்லை.

யானைக்கும் அடி சறுக்கும் என்று யாரோ சொன்னார்கள். இன்னொருவர் குனிந்து தரையை விரலால் தடவி, வெள்ளையாக இருந்த விரலைத் தூக்கிக் காட்டினார். உடனே எல்லோருடைய பார்வையும் அண்ணாத்தே பக்கம் திரும்பியது. தலைவர், நாளையிலிருந்து நீ வர வேண்டாம் என்று கத்தினார். "நான் இன்னா சார் பண்ணேன்? காலீலயே பெருக்கிட்டு ஊட்டுக்குப் பூட்டேன். பீரோ சாவி எங்கைல இல்ல சார், புள்ளைங்க மேல சத்தியமா" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். ஐம்பது வயது மனிதர். நான் நாலடி தள்ளி, சித்தப்பா பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தேனா? இல்லை.

சித்தப்பாதான் திறந்தார். வலியில் முகம் வெளுத்துப்போயிருந்தது. அவரை விடுங்கள், போர்டைத் தயார் பண்ணும்போது நான்தான் டப்பாவைத் தவறவிட்டேன், சரியாகத் துடைக்கவில்லை என்றார்.

மாவுக்கட்டு ஆறு வாரம் இருக்க வேண்டும் என்றார் டாக்டர். விமானத்துக்கு இருந்தது பத்து நாள். பட்டியலில் அடுத்து இருந்தவர் போனார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று அம்மா அழுதாள், பிறகு ஊர்க் கண் என்று முடிவு கட்டி மிளகாய் சுற்றிப் போட்டாள். அப்பாவுக்கு ஆறவே இல்லை. ஒரு டப்பாவைப் பிடிக்கத் தெரியாதவன் பீரங்கி செய்யக் கற்றுக்கொள்ளப் போனானாம் என்று உறவுக்காரர்கள் முன்னாலேயே சொல்வார். வருஷக்கணக்கில் சொன்னார். சித்தப்பா சிரித்துக்கொண்டே மோரை ஊற்றிக்கொள்வார். கேரம் பொறுப்பையும் விட்டுவிட்டார். இரண்டாவது முறை அவர் பெயர் வரவில்லை. ரஷ்யா போய்வந்தவரிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி, ஐஸ் ஹாக்கி பார்த்தீர்களா என்று. அந்தக் குளிரில் எவன் வெளியே போவான், ரூமிலேயே சாம்பார் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டு கிடந்தோம் என்றாராம் அந்த மகானுபாவர்.

இப்போது சித்தப்பா ஓய்வுபெற்று வெள்ளானூரில் இருக்கிறார். நான் நசரத்பேட்டையில் ஒரு அடுக்குமாடியில், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. மழைக்காலம் வந்தால் அவருக்கு மணிக்கட்டு குடைகிறது என்று, பிற்பாடு வந்த சித்தி சொல்வாள். போனில் இன்னமும் ஐஸ் ஹாக்கி பார்க்கிறார். ஒலிம்பிக்கில் ஃபின்லாந்து தங்கம் வாங்கிய அன்று, "உன் பழைய நாடு ஜெயிச்சிருச்சு" என்று எனக்கு வாட்ஸ்அப் அனுப்பினார். சித்தப்பா, அன்றைக்குப் பவுடரைக் கொட்டியது நான்தான் என்று முழுசாக அடித்தேன். அனுப்பவில்லை. அழித்துவிட்டு ஒரு கைதட்டும் பொம்மையைப் போட்டேன். வெட்கக்கேடு. நாற்பதை நெருங்கும் வயதில் ஒரு வரியை அனுப்பத் துணிவில்லை.

இத்தனைக்கும், அந்த வரி அவருக்குப் புதுச்சேதியாக இருக்காது. அன்றைக்கு ஆட்டோவுக்கு ஆள் ஓடியபோது அவரை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். நான் பக்கத்தில் நின்று தேம்பிக்கொண்டிருந்தேன். முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் என்னைக் கிட்டே இழுத்தார். "கனடா ஆயிட்டியா?" என்று என் காதில் மட்டும் விழும்படி கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த அழுகையிலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அதற்குப் பிறகுதான் அவர் தலையை நிமிர்த்தி, டப்பாவைத் தவறவிட்டது நான் என்று சபைக்குச் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை இடது கையால் என் பாவாடையை முட்டிக்குக் கீழே மெல்லத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். அழாதே என்று என்னைத் தேற்றுகிறார் என்றுதான் நினைத்தேன். பாவாடையில் ஒட்டியிருந்த வெள்ளைப் பவுடரை, யார் கண்ணிலும் படுவதற்குள் அவர் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார் என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.